பில் போட்ட பிறகும் டேக் வேலை செய்யும்

கடைகளுக்கும் கிடங்குகளுக்கும் ஆர்.எஃப்.ஐ.டி. ரீடர் பொருத்திக் கொடுப்பது என் தொழில். பொருளோடு வரும் சிப் வைத்த லேபிளை, அதாவது டேகை, ரேடியோ அலையால் படிக்கும் கருவி அது. "இந்த டேகுக்குள் என் பெயர், போன் நம்பர் எல்லாம் இருக்குமா?" என்றுதான் பலரும் கேட்பார்கள். இருக்காது. பெரும்பாலும் அதில் இருப்பது ஓர் எண் மட்டுமே. கவலைப்பட வேண்டியதும் அந்த எண்ணைப் பற்றித்தான்.

ஒரே ரகத்தில் ஆயிரம் சட்டை இருந்தால், வழக்கமான பார்கோடு ஆயிரத்துக்கும் ஒன்றுதான். டேக் அப்படியல்ல. பெரும்பாலும் 96 பிட் நீளமுள்ள எண்ணில் ஒவ்வொரு சட்டைக்கும் தனி வரிசை எண் உண்டு. அதோடு, பையைத் திறக்காமலே சில மீட்டர் தள்ளியிருக்கும் ரீடர் அதைப் படித்துவிடும். லேபிளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்; வளைந்து வளைந்து ஓடும் உலோகக் கோடு தெரியும். அதுதான் ஆன்டெனா. நடுவில் மணல் துகள் அளவில் ஒரு சிப். பேட்டரி கிடையாது. ரீடர் அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே சக்தி எடுத்துக்கொள்வதால், வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

சரி, இதில் நமக்கு என்ன ஆபத்து? பில் கவுண்டரில் போன் நம்பர் கொடுக்கிறோம். அந்த நொடியில் டேக் எண்ணும் ஆளும் கடையின் கணினியில் சேர்ந்துவிட வழி உண்டு. அப்புறம் அதே சட்டையில் திரும்ப வந்தால், வாசல் ரீடரை வைத்தே வந்தது யார் என்று கண்டுபிடிக்கலாம். நம் பெயர் தெரியாத வேறு கடைகூட, "முன்பு வந்த அதே ஆள்" என்று குறித்துவைக்கலாம். உடம்பை ஒட்டியிருக்கும் டேக் சரியாகப் படிபடாது என்பது உண்மைதான். அதையே பாதுகாப்பாக நம்பி இருக்க முடியாது.

இதெல்லாம் வெறும் கற்பனை இல்லை. ஜெர்மனியின் ரைன்பெர்க்கில் மெட்ரோ என்ற சில்லறை வணிக நிறுவனத்தின் மாதிரிக் கடை கொடுத்த வாடிக்கையாளர் அட்டைக்குள்ளேயே சிப் இருந்தது 2004இல் வெளியே வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அந்த அட்டைகளைத் திரும்பப் பெற்றார்கள்.

டேகை நிரந்தரமாகச் செயலிழக்க வைக்கும் கட்டளை, கடைகளில் புழங்கும் டேகுகளின் தரநிலையிலேயே இருக்கிறது. கவுண்டரில் ஒரு நொடி வேலை. பல கடைகள் செய்வதில்லை, ஏனென்றால் யாரும் கேட்பதில்லை. 2009இல் ஐரோப்பிய ஆணையம் வெளியிட்ட பரிந்துரை, வாடிக்கையாளர் சம்மதிக்காவிட்டால் விற்கும் இடத்திலேயே டேகை முடக்க வேண்டும் என்றது. தனியுரிமைக்கு ஆபத்து இல்லை என்று மதிப்பீட்டில் தெரிந்தால் மட்டும் விதிவிலக்கு. டேகை முடக்கியதால் கடைக்காரரின் சட்டப் பொறுப்பு குறையாது என்றும் அதில் உண்டு.

தொங்கும் அட்டையையும் தையலில் இருக்கும் லேபிளையும் வீட்டில் வெட்டி எடுத்துவிடலாம். பொருளுக்குள்ளேயே பதித்திருந்தால், பில் போடும்போதே "டேகை முடக்கிக் கொடுங்கள்" என்று கேளுங்கள்.