புளிய மரப் பட்டைக்குள் ஒரு குடித்தனம்

சாலை விரிவாக்கத்துக்கு முன்னால் ஓரத்து மரங்களைக் கணக்கெடுக்கும் படிவத்தில் மரத்தின் வரிசை எண், வகை, நெஞ்சளவு உயரத்தில் அடிமரத்தின் சுற்றளவு, உத்தேச வயது, வெட்டுவதா வேறிடத்தில் நடுவதா என்ற பரிந்துரை ஆகியவற்றுக்கெல்லாம் கட்டங்கள் இருக்கும். 15 ஆண்டுகளாக இந்தப் படிவங்களை நிரப்பிவரும் ஊர்வன ஆய்வாளன் நான். அந்த மரத்தில் என்னென்ன குடியிருக்கின்றன என்று எழுத இதுவரை ஒரு கட்டத்தையும் பார்த்ததில்லை. பறவைக் கூடு கண்ணில் பட்டால் ‘குறிப்பு’ என்ற கடைசி வரியில் எழுதிவைப்போம். பட்டைக்குள் இருப்பது பகலில் தென்படாது என்பதால் அது எழுதப்படுவதும் இல்லை.

அப்படி விடுபட்டுப்போகும் உயிர்களில் எனக்கு மிகவும் பழக்கமானது மரப்பல்லி. 1836ஆம் ஆண்டில் துமேரில், பிப்ரான் என்ற இரண்டு பிரெஞ்சு விலங்கியலாளர்கள், இலங்கையிலிருந்து கிடைத்த மாதிரியைக் கொண்டு இதை விவரித்து, ஹெமிடாக்டைலஸ் லெஷனோல்ட்டி என்று பெயரிட்டார்கள். பெயருக்கு உரியவரான லெஷனோல்ட் ஒரு தாவரவியலாளர். 1816ஆம் ஆண்டுக்குப் பிறகு சில ஆண்டுகள் புதுச்சேரியில் தங்கி, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் செடிகொடிகளைத் திரட்டியவர். தாவரம் தேடி வந்தவரின் பெயர் மரத்தில் வாழும் பல்லிக்கு வாய்த்தது பொருத்தந்தான்.

வீட்டுச் சுவரில் ஓடும் வெளிறிய பல்லியைவிட இது பருமனானது. மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை 8 சென்டிமீட்டர் அளவுக்கு வளரும். வாலையும் சேர்த்தால் முக்கால் சாண் வரும். சாம்பல் நிற முதுகில் அலை அலையான கரும்பட்டைகள் குறுக்கே ஓடும், அவை சில சமயம் சாய்சதுரங்கள் போலத் தோன்றும். பகலில் நிறம் கருத்தும் இரவில் வெளிறியும் இருக்கும். புளி, வேம்பு, மா, ஆல், பனை என்று பட்டை பிளந்த முதிய மரம் எதுவானாலும் அதற்குச் சம்மதம். வீட்டுக்குள்ளும் சில வேளை வந்துவிடும் என்றாலும் அதன் சொந்த வீடு மரந்தான்.

இதைப் பார்ப்பதற்கு இருட்டிய பிறகு போக வேண்டும். மதுரைக்குத் தெற்கே ஒரு பழைய புளியஞ்சாலையில், மார்கழி கழிந்த ஓர் இரவு, டார்ச்சை மரத்தில் நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, அடிமரத்தைச் சுற்றி மெதுவாக நடந்துகொண்டிருந்தேன். அப்படிச் சாய்த்துப் பிடித்தால் பட்டையின் மேடுபள்ளங்கள் நிழல் விழுந்து தனித்துத் தெரியும். நிழலோடு சேராத ஒரு கோடு தென்பட்டால் அது பெரும்பாலும் வாலாக இருக்கும். தலை கீழாகவும் வால் மேலாகவும் அசையாமல் ஒட்டியிருந்த ஒரு பெண் பல்லி அகப்பட்டது. அதன் கழுத்தின் இரு பக்கமும் சுண்ணாம்பு உருண்டைபோல வெள்ளையாகப் புடைத்திருந்தது. அது நோயன்று. பெண் பல்லிகள் முட்டை ஓட்டுக்குத் தேவையான சுண்ணாம்புச் சத்தைக் கழுத்தில் உள்ள பைகளில் சேர்த்துவைக்கின்றன. வயிற்றின் தோல் மெல்லியதாகையால், இரண்டு முட்டைகள் பக்கத்துக்கு ஒன்றாக வெளிறித் தெரிந்தன.

அந்தச் சாலையின் புளிய மரங்களை மகசூலுக்கு ஏலம் எடுத்திருந்த பெரியவர் சைக்கிளில் வந்து நின்றார். “சார், அது மேல விரல் வச்சிராதீங்க. மூத்திரம் பட்டாலே கொப்புளிச்சுப் போகும்” என்றார்.

“நீங்க பட்டுருக்கீங்களாண்ணே?”

“போன மழைக்குக் கழுத்துல கோடு இழுத்த மாதிரி வந்துச்சே. தூங்கி எந்திரிச்சுப் பாத்தா எரியுது. வீட்டுல பல்லிதான் காரணம்னு சொல்லிட்டாங்க.”

அவர் சொன்ன ‘கோடு இழுத்த மாதிரி’ என்ற வார்த்தையிலேயே விடை இருக்கிறது. மழைக்காலத்தில் விளக்கு வெளிச்சத்துக்கு வரும் ஒரு சிறு வண்டு உண்டு. எறும்பு போலத் தோன்றும், உடலில் செம்மஞ்சளும் கருப்பும் மாறி மாறி இருக்கும், பெடரஸ் என்பது அதன் பேரினப் பெயர். அது கடிப்பதில்லை. தூக்கத்தில் கழுத்தில் ஊர்வதை நாம் கையால் தேய்த்து நசுக்கும்போது, அதன் உடலில் உள்ள பெடரின் என்ற நச்சு தோலில் இழுபட்டு, மறுநாள் எரிச்சலும் பிறகு கோடாகக் கொப்புளமும் உண்டாகின்றன. பாவம் வண்டினுடையது, பழி பல்லிக்கு. பெரியவர் மூத்திரம் என்றது, பல்லியின் கழிவில் கருப்புக் குச்சியின் நுனியில் வெள்ளையாக ஒட்டியிருக்கும் யூரிக் அமிலம்; பறவை எச்சத்தின் வெள்ளைப் பகுதியும் அதுவே.

நம் நாட்டுப் பல்லி எதற்கும் நஞ்சுப் பல்லும் இல்லை, நஞ்சுச் சுரப்பியும் இல்லை. சாம்பாரில் பல்லி விழுந்தால் அந்தச் சாம்பாரைக் கொட்டத்தான் வேண்டும். ஆனால் அதற்குக் காரணம் விஷம் அன்று, பல்லியின் குடலில் இருக்கக்கூடிய சால்மோனெல்லா என்ற கிருமி. சாப்பிட்ட பிறகு தெரிய வந்து வாந்தியோ பேதியோ காய்ச்சலோ கண்டால் உணவு நஞ்சானதற்குரிய சிகிச்சைக்கு மருத்துவரிடம் போக வேண்டும். பாத்திரத்துக்கு மூடி போடுவதில் தீர்ந்துபோகிற இந்தப் பிரச்சினைக்காக மரத்தடியில் மண்ணெண்ணெய் ஊற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி அதன் காலைப் பார்ப்போம், ஏனென்றால் மரத்துக்கும் பல்லிக்கும் உள்ள உறவு அங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது. விரலின் அடியில் இணை இணையாகப் பிளந்த மென்தகடுகள் வரிசையாக இருக்கும். பேரினப் பெயரில் உள்ள ‘அரைவிரல்’ என்ற கிரேக்கப் பொருள் இந்தப் பிளவைக் குறிப்பது. தகடுகளின் மேல் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் அடர்ந்திருக்கும். ஒவ்வொரு மயிரும் நுனியில் நூற்றுக்கணக்காகக் கிளைத்து, பரப்பை மிக நெருக்கமாகத் தொடுவதால், மூலக்கூறுகளுக்கிடையே உள்ள வான்டெர்வால்ஸ் விசையே அதைப் பிடித்துக்கொள்கிறது. பசையும் கிடையாது, உறிஞ்சலும் கிடையாது. தென்கிழக்கு ஆசியாவின் டோக்கே பல்லியைக் கொண்டு 2000ஆம் ஆண்டு முதல் வெளிவந்த ஆய்வுகள் இதை நிறுவின. கண்ணாடியில் ஏற இந்தத் தகடுகளே போதும். தூள் உதிரும் புளியம்பட்டையில் அவை தனியே நிற்க முடியாது. அங்கே ஒவ்வொரு விரலின் நுனியிலும் உள்ள வளைந்த நகம் கொக்கி போட்டுப் பிடிக்கிறது.

அந்துப்பூச்சி, கரப்பான், வண்டு, சிலந்தி என்று வாய்க்குள் அடங்குவது எல்லாம் இதற்கு இரை. தன்னைவிடச் சிறிய பல்லியையும் விழுங்கிவிடும். இதை விழுங்குவதற்கும் ஆள் உண்டு: புள்ளி ஆந்தை, பூனைக்கண் பாம்பு, வெள்ளிக்கோல் வரையன் என்ற பாம்பு. பிடிபட்டால் வாலை விட்டுவிட்டு ஓடும். வால் எலும்புக்குள்ளேயே பிரிவதற்கென்று பலவீனமான தளங்கள் உண்டு. மீண்டும் முளைக்கும் வாலில் எலும்புக்குப் பதில் குருத்தெலும்புத் தண்டுதான் இருக்கும், நிறமும் முந்தைய பட்டைகளோடு பொருந்தாது. இமை இல்லாததால் கண்ணில் படியும் தூசியை நாக்கால் நக்கித் துடைத்துக்கொள்ளும்.

பல்லி சத்தமிட்டால் நாம் திசை பார்த்துப் பலன் சொல்கிறோம். அது தன் இணையையும் எதிரியையும் நோக்கிப் பேசிக்கொண்டிருக்கிறது. குறுந்தொகையின் 16ஆம் பாடல் இதைச் சரியாகக் கேட்டிருக்கிறது: கள்ளிக் காட்டில் பல்லி தன் துணையை அழைக்கும் ஒலி, கள்வர் அம்பைச் செப்பனிடும்போது நக நுனியில் புரட்டிப் பார்க்கும் ஓசை போன்றது என்கிறார் பாலை பாடிய பெருங்கடுங்கோ. அம்பு முனை நகத்தில் இடறும் அந்த ‘டிக், டிக்’ ஓசையைவிடத் துல்லியமான களக்குறிப்பை நான் எழுதியதில்லை.

டோக்கே பல்லியைப் பற்றிச் சொன்னேன். அதற்கு எய்ட்ஸ் நோயைத் தீர்க்கும் குணம் உண்டென்று பரவிய பொய்யால், அது பெருமளவில் பிடித்து விற்கப்பட்டது. அந்த நம்பிக்கை உயிருக்கே ஆபத்து என்று 2011ஆம் ஆண்டில் பிலிப்பைன்ஸ் அரசு எச்சரித்தது. 2019ஆம் ஆண்டில் அந்த இனம், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அந்த வதந்தியின் வால் நம் ஊருக்கும் நீண்டது. “சார், எங்க தோப்புல பெரிய பல்லி கெடக்கு, எத்தனை லட்சம் போகும்?” என்று எனக்கே தொலைபேசி வந்திருக்கிறது. நம் மரப்பல்லி வேறு இனம். அதற்கு மருந்துக் குணமும் இல்லை, சந்தை விலையும் இல்லை.

ஆனால் இந்த வதந்தியால் போகும் பல்லிகளைவிட, நல்ல எண்ணத்தில் நாம் செய்பவற்றால் போகும் பல்லிகள் அதிகம் என்பதே என் கணிப்பு. மரப்பொந்தில் பாம்பு நுழையும் என்று சிமென்ட் கலவை பூசி அடைக்கிறோம். விழா வந்தால் அடிமரத்துக்கு வெள்ளையும் காவியும் தீட்டுகிறோம். கனத்த பெயின்ட் பட்டை இடுக்குகளை மெழுகியதுபோல அடைத்துவிடுகிறது. ஒரு மரத்தை வெட்டினால் பத்துக் கன்று நட வேண்டும் என்கிறோம். நடத்தான் வேண்டும். ஆனால் கன்றின் பட்டை வழவழப்பாக இருக்கும். பல்லி பகலில் உடம்பை நுழைத்துக்கொள்ளும் அளவுக்குப் பட்டை தடித்து வெடிப்பதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். பத்துக் கன்றுகளைக் கூட்டினாலும் அந்த இடுக்கு ஒன்றுகூடக் கிடைக்காது.

வெட்டுவதைத் தவிர்க்க முடியாத இடங்களில் நான் ஒப்பந்தக்காரர்களிடம் கேட்டுக்கொள்வது கொஞ்சந்தான். முந்தைய நாள் தளர்ந்த பட்டைகளைக் கையால் நீக்கிப் பார்க்க வேண்டும். வெட்டிய அடிமரத்தை உடனே லாரியில் ஏற்றாமல், பக்கத்தில் நிற்கும் மரத்தை ஒட்டி ஓர் இரவு கிடக்கவிட வேண்டும். உள்ளே இருப்பவை இருட்டியதும் தாமாகவே நடந்து போய்விடும். முட்டை அகப்பட்டால், எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அந்தப் பக்கம் மேலே இருக்கும்படியே எடுத்து வைக்க வேண்டும். முட்டை ஓட்டின் உள்பக்கம் கரு ஒட்டி வளர்வதால், புரட்டினால் அது சிதையக்கூடும்.

அந்தப் புளியஞ்சாலை இரண்டு மாதம் கழித்து வெட்டுக்கு வந்தது. ஓர் இரவு பொறுக்கச் சொல்லி நான் எழுதிய கடிதம் சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் எங்கேயோ கோப்பில் கிடந்தது. விடிவதற்குள் இயந்திர வாள்கள் வந்துவிட்டன. பெரியவர்தான் தொலைபேசியில் கூப்பிட்டார். நான் போனபோது அந்த மரம் மூன்று துண்டாகக் கிடந்தது. பெயர்ந்து விழுந்த ஒரு பட்டையின் உள்பக்கம், மரத்தூளுக்கு நடுவில், மொச்சைக் கொட்டை அளவில் இரண்டு வெள்ளை முட்டைகள் இருந்தன. மேல்பக்கத்தில் பென்சிலால் புள்ளி வைத்து, சாலையின் மறுபுறம் தப்பி நின்ற வேப்ப மரத்தின் பொந்தில் அதே பட்டையோடு வைத்தோம். கூடவே பெரியவர் தன் துண்டின் ஓரத்தைக் கிழித்து, பொந்தின் வாயில் வெயில் படாமல் தொங்கவிட்டார். அவருக்கு இன்னமும் பல்லியைத் தொடப் பயந்தான்.

ஆறு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தேன். ஒரு முட்டையில் எறும்பு மொய்த்திருந்தது. மற்றதன் ஓடு ஒரு பக்கம் உடைந்து, உள்ளே காலியாக இருந்தது.