பழைய மாருதியின் ஸ்டியரிங் கையிடம் என்ன சொல்கிறது?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். அப்பா 1998-இல் வாங்கிய மாருதி 800 இன்னும் அவரிடம் ஓடுகிறது. போன மாதம் 12 அங்குல ரிம்மைக் கழற்றிவிட்டு 13 அங்குல அலாய் வீல் மாட்டியிருக்கிறார். வண்டி எடுப்பாக இருக்கிறதாம். ஆனால் குண்டும் குழியுமான சாலையில் ஸ்டியரிங் கையைப் பிடுங்குகிறது, வளைவில் முன்பிருந்த நம்பிக்கை இல்லை என்கிறார். டயர் பெரிதானால் ஓட்டம் இன்னும் நன்றாகத்தானே இருக்க வேண்டும் என்று கேட்கிறார்.

எளிய கணக்கை முதலில் முடித்துவிடுவோம். பழைய டயர் 145/70 ஆர்12. அதாவது அகலம் 145 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 70 சதவீதம், ரிம் 12 அங்குலம். மொத்த விட்டம் 508 மி.மீ. வருகிறது. புதியது 155/65 ஆர்13, விட்டம் 532 மி.மீ. கிட்டத்தட்ட 5 சதவீதம் பெரிது. அதனால் மீட்டர் 60 காட்டும்போது வண்டி 63-இல் போகும். 796 சிசி எஞ்சின் மேட்டில் கொஞ்சம் திணறும். இதெல்லாம் பழகிவிடும். கையைப் பிடுங்குவதற்குக் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது.

டயர் தரையைத் தொடும் இடத்துக்குப் போவோம். ஒரு முன்சக்கரத்தின் மேல் சுமார் 220 கிலோ பாரம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 பிஎஸ்ஐ காற்று என்பது சதுர சென்டிமீட்டருக்கு 2.1 கிலோ. வகுத்தால் சுமார் 105 சதுர செ.மீ., ஏறக்குறைய ஓர் உள்ளங்கை. ஏறத்தாழ 10 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம். டயரை அகலமாக்கினால் தரையைத் தொடும் பரப்பு பெரிதாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பாரமும் காற்றழுத்தமும் மாறாதவரை பரப்பு பெரிதாக மாறாது. வடிவம்தான் மாறும்: அகலம் கூடும், நீளம் குறையும்.

இனி வருவதுதான் எனக்கு எத்தனை முறை நினைத்தாலும் அலுக்காத விஷயம். துணி தேய்க்கும் பிரஷ் ஒன்றை எடுத்துத் தரையில் அழுத்திப் பக்கவாட்டில் மெல்லத் தள்ளிப் பாருங்கள். மயிர்களின் நுனி தரையைப் பிடித்துக்கொண்டிருக்கும், பிரஷ் கட்டை நகர்ந்துவிடும், மயிர் வளையும். டயரின் ரப்பரும் அப்படித்தான். வளைவில் சக்கரம் பார்க்கும் திசையும் அது உண்மையில் நகரும் திசையும் ஒன்றல்ல. நடுவில் சில டிகிரி வித்தியாசம் இருக்கும். அதை நழுவு கோணம் என்போம். அந்த உள்ளங்கைப் பரப்புக்குள் முன்விளிம்பில் நுழையும் ரப்பர் நேராக நுழைகிறது. பின்னோக்கிப் போகப் போக அதிகம் வளைகிறது, பின்விளிம்பில் தரையை விட்டு விடுபடுகிறது. வளைந்த ரப்பர் நிமிரப் பார்க்கும் விசைதான் வண்டியைத் திருப்புகிறது.

ரப்பரின் வளைவு முன்விளிம்பில் ஒன்றுமில்லாமல் தொடங்கிப் பின்பக்கம் முக்கோணம் போலக் கூடிக்கொண்டே போவதால் மொத்த விசையும் நடுவில் விழாமல் சற்றுப் பின்னால் விழுகிறது. முக்கோணத்தின் ஈர்ப்பு மையத்தைப் பள்ளியில் கண்டுபிடித்த அதே கணக்குதான். 10 செ.மீ. நீளத்துக்கு சுமார் 1.7 செ.மீ. பின்னால். இந்தச் சின்னத் தூரம் ஒரு நெம்புகோல். அது சக்கரத்தை நேராக்கப் பார்க்கிறது. வளைவில் ஸ்டியரிங் கையில் கனமாக நிற்பது பெரும்பாலும் இதனால்தான்.

இன்னும் வேகமாகத் திரும்பினால் என்ன ஆகும்? அதிகம் வளைந்த பின்பக்க ரப்பர்தான் முதலில் பிடியை விட்டு வழுக்கும். விசையின் மையம் முன்னால் நகரும், 1.7 செ.மீ. சுருங்கும். டயரின் மொத்தப் பிடி இன்னும் உச்சத்தைத் தொடவில்லை, அதற்குள் ஸ்டியரிங் லேசாகிவிடும். பிடி போவதற்கு முன்பே டயர் கையிடம் சொல்லிவிடுகிறது! பவர் ஸ்டியரிங் இல்லாத மாருதி 800-இல் அந்தச் சேதி வழியில் எங்கும் வடிகட்டப்படாமல் விரலுக்கு வந்து சேர்கிறது. ஒரு மழைநாளில் செங்கல்பட்டு பக்கம் ஒரு வளைவில் என் விரல்களுக்கு அது வந்தது. பஞ்சைப் பிடித்த மாதிரி ஸ்டியரிங் லேசானது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்தேன், கனம் திரும்பி வந்தது.

சரி, திருப்பூர் வண்டிக்கு வருவோம். அகல டயரில் அந்தப் பரப்பின் நீளம் குறைவதால் 1.7 செ.மீ. சற்றே சுருங்கும். அது சிறிய மாற்றம்தான். பெரிய மாற்றம் ரிம்மில் இருக்கிறது. கடையில் மாட்டும் அலாய் வீல்கள் பல, சக்கரத்தை வெளிப்பக்கம் தள்ளி வைப்பவை. ஸ்டியரிங் திரும்பும் அச்சை ஒரு கோடாகத் தரைவரை நீட்டினால், அந்தப் புள்ளிக்கும் டயர் தொடும் இடத்தின் நடுவுக்கும் உள்ள தூரம் இன்னொரு நெம்புகோல். குழியில் ஒரு சக்கரம் மட்டும் இடிக்கும்போது ஸ்டியரிங்கை இழுப்பது இதுதான். சக்கரம் 2 செ.மீ. வெளியே போனால் இந்த நெம்புகோல் 2 செ.மீ. மாறுகிறது. சேதி சொல்லும் நெம்புகோல் மொத்தமே 1.7 செ.மீ. என்பதை நினைத்துப் பாருங்கள். சாலையின் இரைச்சலில் டயர் சொல்வது அமுங்கிவிடுகிறது. சஸ்பென்ஷன் மூட்டுகளில் உள்ள இருபத்தைந்து வருட ரப்பர் புஷ்களும், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு முனைகளும் ஆட்டம் கண்டிருந்தால் அந்த இரைச்சல் இன்னும் கூடும். வீல் பேரிங்கும் கூடுதல் பாரத்தைச் சுமக்கும்.

டயர் எந்தக் கோணத்தில் எவ்வளவு விசை தரும் என்பதை நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்துப் பசெய்காவும் அவருடன் உழைத்தவர்களும் 1980-களில் ஒரே சமன்பாட்டில் அடக்கினார்கள். அடிப்படை இயற்பியலிலிருந்து தருவிக்காமலே அது அளவீடுகளோடு பொருந்தியதால் அதற்கு ‘மாயச் சூத்திரம்’ என்றே பெயர் நிலைத்தது. ஆனால் அந்தச் சூத்திரத்துக்குள் போட ஒவ்வொரு டயரையும் அளந்த எண்கள் வேண்டும். நம் வரிப்பணத்தில் ஒரகடத்தில் வாகன ஆய்வு மையம் இருக்கிறது, மத்தியப் பிரதேசத்தின் பீத்தம்பூரில் 11.3 கி.மீ. நீள அதிவேகச் சோதனைப் பாதை இருக்கிறது. நம் கடைகளில் விற்கும் 12, 13 அங்குல டயர்களை அளந்து அந்த எண்களை எல்லோருக்கும் திறந்துவைக்கக் கொஞ்சம் பணம் ஒதுக்கலாம். பொறியியல் கல்லூரி மாணவர்களிடமே அந்த வேலையைக் கொடுக்கலாம். பழைய வண்டி ஓட்டுபவர்களின் உயிரும் அந்த எண்களில் இருக்கிறது.

அப்புறம், வெள்ளிக்கிழமை சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, டயரைக் காப்பது ரப்பரின் நிலைதான். பழம் வைக்கக் குனிகிறவர்கள் அப்படியே பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் படியுங்கள். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்த டயர். ஓடாமல் நிற்கும் வண்டியிலும் ரப்பர் இறுகும். இறுகிய ரப்பர் ஈரச் சாலையில் சரியாகப் பிடிக்காது.

வாசகருக்கு: புதிய ரிம்மின் உட்புறத்தில் ஈடி (ET) என்று தொடங்கும் ஓர் எண் பொறித்திருக்கும். வண்டியோடு ஒட்டும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்பதை அது சொல்லும்; எண் சிறிதானால் சக்கரம் வெளியே நிற்கும். பழைய ரிம்மையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வண்டியோடு ஒட்டும் முகத்திலிருந்து வெளிவிளிம்பு வரை ஸ்கேலால் அளந்து பாருங்கள். வித்தியாசம் சில மில்லிமீட்டர்தான் என்றால் புஷ், டை ராடு பார்த்து அலைன்மென்ட் செய்தாலே போதும். ஒரு விரலகலம் வெளியே நின்றால், அப்பா ஓட்டிய 12 அங்குல இரும்பு ரிம்மையே திரும்ப மாட்டி, இந்த வருடம் செய்த 145/70 டயர் நான்கு போடுங்கள்.