ஃபைப்ரோபிளாஸ்ட்: வெடி இல்லை, அரும்பு

கிருஷ்ணகிரிப் பக்கம் ‘பிளாஸ்ட்’ என்றாலே கிரானைட் குவாரியில் வைக்கும் வெடிதான் நினைவுக்கு வரும். என் அத்தைக்குக் காலில் சர்க்கரைப் புண். “லேசர் வெளிச்சம் பட்டா ஃபைப்ரோபிளாஸ்ட் தூண்டப்படும்” என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னதும், “வெடியெல்லாம் வேண்டாம் சாமி” என்று காலை இழுத்துக்கொண்டார். அத்தையின் பயத்தில் தப்பே இல்லை. சொல்லைத் தமிழில் சொல்லியிருக்க வேண்டும்.

இங்கே வரும் பிளாஸ்ட் வேறு. ‘ஃபைப்ரா’ லத்தீன், நார் என்று பொருள். ‘பிளாஸ்டோஸ்’ கிரேக்கம், முளை அல்லது அரும்பு. இணைப்புத் திசுவில் இருந்துகொண்டு கொலாஜன் என்ற புரத நாரை உண்டாக்குகிற செல் இது. புண் ஆறும்போது குழியை நிரப்பும் புதுத் திசுவுக்கு நார் தருவதும் இதுதான்.

நான் ‘நாரரும்புச் செல்’ என்பேன். மீசை அரும்புகிறது, வேர்வை அரும்புகிறது என்கிறோம் அல்லவா? உள்ளிருந்து மெல்லக் கிளம்பி வெளியே வருவதுதான் அரும்புதல். சந்தூரில் மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டிய பிறகு, பிளாஸ்டிக் தாள் சுற்றிய இடத்துக்கு மேலே செம்பு நிறத்தில் ஒரு துளிர் எட்டிப் பார்க்கும். அதைப் பார்த்தவருக்கு இந்தச் சொல்லை விளக்கவே வேண்டாம். வெறும் ‘நார்ச் செல்’ போதாதா என்றால், போதாது. வேலை குறைந்து அடங்கிய நிலையில் இதே செல்லுக்கு ஃபைப்ரோசைட் என்று பெயர். நார்ச் செல் என்பதை அதற்கு வைத்துக்கொள்ளலாம்.

சரி, லேசருக்கு என்ன வேலை? லேசர் என்றால் சீரொளி. அறுப்பதற்கும் சுடுவதற்கும் பயன்படுவது வேறு வகை. இது திசுவைச் சூடாக்காத குறைதிறன் சீரொளி. 1967-ல் புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற ஹங்கேரி மருத்துவர் மயிர் மழித்த எலிகள் மேல் இதைச் செலுத்தியபோது, ஒளி பட்ட இடத்தில் மயிர் சீக்கிரம் வளர்ந்தது. ஆய்வகத்தில் தட்டில் வளர்க்கும் நாரரும்புச் செல்கள் மேல் சிவப்பு ஒளியையோ அகச்சிவப்புக்கு அருகில் உள்ள ஒளியையோ அளவாகப் பாய்ச்சினால், பல சோதனைகளில் அவை வேகமாகப் பெருகுகின்றன, கொலாஜனையும் கூடுதலாகத் தருகின்றன. செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஒரு நொதி அந்த ஒளியை உறிஞ்சிக்கொள்வதுதான் காரணம் என்பது பரவலான விளக்கம். அளவு மீறினால் பலன் குறையும், செல் முடங்கவும் செய்யும்.

ஆனால் தட்டில் இருக்கும் செல்லுக்குச் சர்க்கரை நோயும் கிடையாது, சீழும் கிடையாது; அங்கே நடப்பது புண்ணிலும் அப்படியே நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. “புண்ணுக்குள்ள நார் அரும்பணும் அத்தே, அதுக்குத்தான் இந்த வெளிச்சம்” என்றதும் அத்தை காலை நீட்டினார். அப்புறமும் தினசரி மருந்துக் கட்டும் சர்க்கரை மாத்திரையும் நிற்கவில்லை.