கமடோர் 64-இல் பழைய விளையாட்டுகள்: கோப்பைத் தேடும் முன் இயந்திரத்தைப் பாருங்கள்

பரணிலிருந்தோ பழைய சாமான் கடையிலிருந்தோ கமடோர் 64 என்ற பழைய வீட்டுக் கணினி ஒன்று கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: “இதுக்கு கேம் எங்கே கிடைக்கும்?” கிடைப்பதில் ஒரு சிரமமும் இல்லை. 1982-இல் விற்பனைக்கு வந்த இந்த இயந்திரத்துக்காக ஆயிரக்கணக்கில் விளையாட்டுகள் எழுதப்பட்டன, பெரும்பாலானவை இன்று கோப்பாகப் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் பழுதுபார்க்க வரும் இயந்திரங்களையும், “கேம் ஓடவில்லை” என்று வரும் புகார்களையும் பார்த்தால், இறக்கிய கோப்பு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். எந்த நாட்டு இயந்திரம், அதில் எந்தச் சிப், எந்த வழியாக ஏற்றுகிறோம் என்பதைப் பார்க்காமல் கோப்பைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள்.

அதற்கும் முன்னால் ஒரு எச்சரிக்கை. இயந்திரத்தோடு வந்த பழைய பவர் சப்ளையை அப்படியே செருகி சுவிட்சைப் போடாதீர்கள். பிசின் ஊற்றி மூடிய அந்தக் கனத்த பெட்டிக்குள் 5 வோல்ட் ரெகுலேட்டர் ஒன்று இருக்கிறது. சூடு வெளியேற வழியில்லாமல் நாற்பது வருடம் வெந்த அந்த ரெகுலேட்டர், கெட்டுப்போகும்போது மின்சாரத்தை நிறுத்திவிட்டால் பரவாயில்லை. பல நேரம் அப்படி நடப்பதில்லை. 5 வோல்ட் வரவேண்டிய கம்பியில் 6, 7 என்று ஏறிவிடும். முதலில் பலியாவது நினைவகச் சிப்கள்: பழைய பலகைகளில் 4164 வகை எட்டு, பிந்தையவற்றில் 41464 வகை இரண்டு. திரை கறுப்பாகவே நிற்கும். கேம் போடும்போதுதான் கெட்டது என்று உரிமையாளர் நினைத்துக்கொள்வார்.

மல்டிமீட்டர் இருந்தால் பிளக்கை இயந்திரத்தில் செருகாமலே பார்க்கலாம். ஏழு முள் உள்ள வட்டப் பிளக்கில் 5-ஆம் முள் நேர் மின்னழுத்தம், 2-ஆம் முள் தரை. இவை இரண்டுக்கும் நடுவே 4.75 முதல் 5.25 வோல்ட் டிசி வரவேண்டும். 6, 7 முட்களுக்கு நடுவே 9 வோல்ட் ஏசி. சுமையில்லாமல் அளப்பதால் அது கொஞ்சம் கூடுதலாகக் காட்டும், பயப்பட வேண்டாம். வரைபடங்களில் பெரும்பாலும் இயந்திரத்தின் பக்கத்துச் சாக்கெட் போட்டிருக்கும். பிளக்கை நேராகப் பார்க்கும்போது எண்கள் கண்ணாடிப் பிம்பம் போல மாறி வரும். அளவு சரியாக இருந்தாலும் அது இன்றைய நிலவரம் மட்டுமே. அரை மணி நேரம் சூடேறியபின் அதே பெட்டி வேறு எண் காட்டக்கூடும். புதிதாகச் செய்த பவர் சப்ளை வாங்குவதே நல்லது. முடியாவிட்டால், மின்னழுத்தம் எல்லை தாண்டினால் துண்டித்துவிடும் பாதுகாப்புச் சுற்று ஒன்றை நடுவில் போடுங்கள். ஒரு நினைவகச் சிப் மாற்றும் வேலைக்கு முன்னால் அந்தச் செலவு பெரிதில்லை.

அடுத்தது, இயந்திரம் எந்த ஊர்க்காரர் என்பது. லண்டனிலிருந்து உறவினர் கொண்டுவந்தது பால் (PAL) என்ற டிவி முறைக்கான வகை. டொராண்டோவிலிருந்து வந்தது என்டிஎஸ்சி (NTSC) என்ற வட அமெரிக்க டிவி முறைக்கான வகை. அதன் பவர் சப்ளையும் 120 வோல்ட்டுக்கானது, நம் ஊர் 230 வோல்ட்டில் செருகினால் புகை வரும். அடிப்பகுதி ஸ்டிக்கர் தெளிவாக இல்லையென்றால் இயந்திரத்தையே கேட்கலாம். இயக்கியதும் வரும் பேசிக் மொழித் திரையில் ‘பிரிண்ட் பீக்’ என்று அடித்து, அடைப்புக்குறிக்குள் 678 கொடுத்து ரிட்டர்ன் தட்டுங்கள். 1 வந்தால் பால், 0 வந்தால் என்டிஎஸ்சி. மிக ஆரம்பகால ரோம் (நிரந்தர நிரல் பதிந்த சிப்) உள்ள இயந்திரத்தில் மட்டும் இந்த விடையை நம்ப முடியாது. மூடியைத் திறந்து காட்சிச் சிப்பின் எண்ணைப் பாருங்கள். 6569 பால், 6567 என்டிஎஸ்சி.

இந்த வேறுபாட்டை “டிவியில் தெரியுமா தெரியாதா” என்ற அளவில் நிறுத்திவிடக் கூடாது. பால் இயந்திரத்தில் ஒரு திரைச் சட்டத்துக்கு (ஃபிரேம்) 312 வரிகள், வரிக்கு 63 கடிகாரத் துடிப்புகள். ஆக 19,656 துடிப்புகள். வழக்கமான என்டிஎஸ்சி இயந்திரத்தில் 263 வரிகள், வரிக்கு 65, ஆக 17,095. ஒரு சட்டத்துக்குள் செய்யவேண்டிய வேலையை ஐரோப்பிய நிரலர்கள் முதல் கணக்கை நம்பி எழுதினார்கள். அதே நிரல் என்டிஎஸ்சியில் ஓடும்போது வேலை முடிவதற்குள் அடுத்த சட்டம் வந்துவிடுகிறது: உருவங்கள் துடிக்கும், திரையின் நடுவே கோடு உடையும், சில விளையாட்டுகள் அப்படியே நின்றுவிடும். இசை நொடிக்கு 50 முறைக்குப் பதில் 60 முறை முடுக்கப்படுவதால் ஐந்தில் ஒரு பங்கு வேகமாக ஓடும். அமெரிக்க விளையாட்டு பால் இயந்திரத்தில் பெரும்பாலும் ஓடிவிடும், கொஞ்சம் மந்தமாக இருக்கும், அவ்வளவுதான். நம் ஊரும் பால் நாடு என்பதால் பால் இயந்திரம் வைத்திருப்பவர்களுக்குத் தேர்வு அதிகம்.

ஆண்டெனா வழியாக இணைக்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. பிரிட்டன் இயந்திரம் ஒலியை 6 மெகாஹெர்ட்ஸ் தள்ளி அனுப்பும், நம் ஊர் டிவி 5.5-இல் எதிர்பார்க்கும். படம் வரும், சத்தம் வராது. ஏவி கேபிள் போட்டால் தீர்ந்தது.

இனி ஏற்றும் வழி. பலர் தடுக்கி விழும் இடம் இதுதான்.

உங்களிடம் அசல் 1541 ஃபிளாப்பி டிரைவ் இருந்தால், ஒரு பக்கத்துக்கு 170 கேபி, 664 காலி பிளாக்குகள். லோடு என்று அடித்து, மேற்கோள் குறிக்குள் நட்சத்திரம், பிறகு கமா 8 கமா 1 என்பது பழகிய கட்டளை. கடைசி 1 எதற்கு என்று கேட்பவர்கள் குறைவு. அதைப் போட்டால் கோப்பு தன் தலைப்பில் எழுதியிருக்கும் முகவரிக்கே போய் உட்காரும். விட்டுவிட்டால் பேசிக் தொடங்கும் இடமான 2049-இல் போய் விழும்; இயந்திர மொழி நிரல் தவறான இடத்தில் கிடக்கும், ரன் கொடுத்தால் ஒன்றும் நடக்காது. “கோப்பு கெட்டுவிட்டது” என்று தூக்கி எறியப்படும் பலவற்றுக்கு இந்த ஒரு எழுத்துதான் குறை. 40 கேபி கோப்பு வர இரண்டு நிமிடம்கூட ஆகலாம்; அது பழுது இல்லை, அந்த டிரைவின் வேகமே நொடிக்கு 400 பைட் அளவுதான். வெற்று ஃபிளாப்பி வாங்கும்போது இரட்டை அடர்த்தி வகை வேண்டும். உயர் அடர்த்தித் தட்டுக்கு வலுவான காந்தப்புலம் தேவை, 1541-இன் தலைக்கு அந்த வலு இல்லை. எழுதியது போலத் தோன்றும், ஒரு வாரத்தில் படிக்காது.

டிரைவ் இல்லாதவர்கள் முதலில் வாங்குவது எஸ்டி2ஐஇசி என்ற, மெமரி கார்டிலிருந்து படித்து டிரைவ் போல நடந்துகொள்ளும் சிறு கருவி. விலை குறைவு, நல்ல கருவி, ஆனால் அது என்ன செய்யாது என்பதை விற்பவர்கள் சொல்வதில்லை. 1541 டிரைவுக்குள் தனியாக ஒரு 6502 செயலியும் 2 கேபி நினைவகமும் உண்டு. வேகமாக ஏற்றுவதற்காகவும் நகலெடுப்பைத் தடுப்பதற்காகவும் பல விளையாட்டுகள் அந்தச் செயலிக்குள்ளேயே தங்கள் நிரலை அனுப்பி ஓட வைக்கும். எஸ்டி2ஐஇசியில் அந்தச் செயலி இல்லை. பிரபலமான சில வேக ஏற்றிகளை மட்டும் அடையாளம் கண்டு அதற்கேற்ப நடந்துகொள்ளும். மற்றவற்றில் பாதியில் நிற்கும், அல்லது தலைப்புத் திரையோடு தொங்கும். ஒரே கோப்பாக உள்ள விளையாட்டுகளுக்கு அது போதும். 1987-இன் தி லாஸ்ட் நிஞ்சா போல, ஆட்டத்தின் நடுவே கட்டம் கட்டமாக வட்டிலிருந்து ஏற்றுபவற்றுக்கு 1541-ஐத் துடிப்புக்குத் துடிப்பு பின்பற்றும் கருவி வேண்டும்: ராஸ்பெர்ரி பையில் ஓடும் பை1541, அல்லது இயந்திரத்தின் பின்புறம் செருகும் 1541 அல்டிமேட் காட்ரிட்ஜ்.

எஸ்டி2ஐஇசியின் மின்சாரம் பெரும்பாலும் கேசட் போர்ட்டிலிருந்து எடுக்கப்படும். அந்தச் செருகியில் தடுப்புக் கட்டை இல்லையென்றால் ஒரு முள் தள்ளிச் செருகினாலே 5 வோல்ட்டும் தரையும் ஒட்டிவிடும். எதைச் செருகினாலும் கழற்றினாலும் இயந்திரம் அணைந்திருக்க வேண்டும். கார்டை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்யுங்கள். இரண்டு மூன்று வட்டுகள் உள்ள விளையாட்டானால், வட்டுக் கோப்புகளின் பெயர்களை வரிசையாக ஓர் உரைக்கோப்பில் எழுதி ‘ஆட்டோஸ்வாப்’ என்ற பெயரில் எல்எஸ்டி நீட்டிப்போடு அதே கோப்புறையில் வையுங்கள். “இரண்டாம் பக்கத்தைப் போடு” என்று கேட்கும்போது கருவியின் பொத்தானை அழுத்தினால் அடுத்தது மாறும்.

கோப்பின் நீட்டிப்பும் வழியைச் சொல்லும். டி64 என்பது வட்டின் நேர் நகல், பிழைத் தகவல் சேர்க்காத வழக்கமான கோப்பு சரியாக 1,74,848 பைட். அதைவிடக் குறைவாக இருந்தால் இறக்கம் பாதியில் அறுந்திருக்கிறது. ஜி64 நகல் தடுப்போடு சேர்த்துக் காந்தப் பதிவையே காப்பது, எஸ்டி2ஐஇசியில் ஓடாது. பிஆர்ஜி ஒற்றைக் கோப்பு. சிஆர்டி காட்ரிட்ஜுக்கானது. டிஏபி கேசட்டின் துடிப்புகளைப் பதிந்தது, அதற்கு டாப்யூனோ போன்ற கருவி வேண்டும்.

கேசட்டையே ஓட்டுபவர்கள் தலையின் கோணத்தைக் கவனிக்க வேண்டும். பதிந்த இயந்திரமும் படிக்கும் இயந்திரமும் இம்மி சாய்ந்திருந்தால் ‘லோடு எரர்’ வரும். முதலில் ஐசோபுரப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் தலையையும் ரப்பர் உருளையையும் துடையுங்கள். அதன் பிறகும் வராவிட்டால் மட்டும், மேல் மூடியிலுள்ள சிறு துளை வழியாகக் கோணத் திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பிப் பாருங்கள். தொடங்கிய நிலையைக் குறித்து வைத்துக்கொள்ளாமல் திருப்பாதீர்கள். இன்று ஒரு கேசட்டுக்காகத் திருப்பியது மற்ற இருபதையும் கெடுக்கும்.

எங்கே தேடுவது? இன்டர்நெட் ஆர்க்கைவில் நிறைய உண்டு, உலாவியிலேயே ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் தேர்ந்தெடுக்க கேம்பேஸ்64 என்ற விளையாட்டுப் பட்டியல் தளம்தான் உதவும்: ஒவ்வொரு விளையாட்டுக்கும் பாலா என்டிஎஸ்சியா, ஜாய்ஸ்டிக் எந்தப் போர்ட்டில், முழு டிரைவ் பின்பற்றல் வேண்டுமா என்றெல்லாம் குறித்திருக்கிறார்கள். ஒரே விளையாட்டுக்குப் பத்துப் பதிப்புகள் வரும். பெயருக்குப் பின்னால் கூட்டல் குறியும் எண்ணும் இருந்தால் சாகாவரம் போன்ற அத்தனை ஏமாற்று வசதிகள் சேர்த்த உடைப்புப் பதிப்பு (நகல் தடுப்பை நீக்கியது) என்று பொருள். அக்காலத்து அவசர உடைப்புகளில், ஒரே கோப்புக்குள் அடக்குவதற்காகத் தொடக்க இசையையும் படத்தையும், சில நேரம் கடைசிக் கட்டங்களையும் வெட்டியிருப்பார்கள். பல மணி நேரம் ஆடியபின் கடைசிக் கட்டம் இல்லை என்று தெரிவது கொடுமை. காலத்தால் பிந்திய, பிழை நீக்கியது என்று குறித்த பதிப்பை எடுங்கள்.

நல்லெண்ணத்தோடு ஒன்று சொல்ல வேண்டும்: இணையத்தில் கிடைப்பதும் உரிமை தளர்ந்ததும் ஒன்றல்ல. பெரும்பாலானவற்றுக்குப் பதிப்புரிமை இன்னும் இருக்கிறது. இந்த இயந்திரத்துக்கு இன்றும் புதிதாக எழுதுபவர்கள் இருக்கிறார்கள். 2017-இல் வந்த சாம்ஸ் ஜர்னி அப்படி விலைக்கு விற்கப்படுவது. அதை வாங்கினால் எழுதியவருக்கு நேராகப் போகும்.

கோப்பைக் கார்டில் போடும் முன், கணினியில் வைஸ் என்ற பின்பற்றியில் (எமுலேட்டர்) ஓட்டிப் பாருங்கள். மாடலை உங்கள் இயந்திரத்தைப் போலவே பால் அல்லது என்டிஎஸ்சி என்று அமைத்து, முழு டிரைவ் பின்பற்றலை இயக்கி ஓட்டுங்கள். அங்கே ஓடி இங்கே ஓடவில்லை என்றால் குறை கோப்பில் இல்லை. ஏற்றும் கருவியிலோ இயந்திரத்திலோ தேடலாம்.

தொடங்கிப் பார்க்க எங்கள் தேர்வு, பால் இயந்திரத்துக்கு: 1984-இன் இம்பாசிபிள் மிஷன், 1985-இன் பாராட்ராய்டு, 1987-இன் பபுள் பாபுள் (இருவர் சேர்ந்து ஆட), 1990-இன் டர்ரிகன். இம்பாசிபிள் மிஷனில் குரல் மிக மெலிதாகக் கேட்டால் பயப்பட வேண்டாம். பிந்தைய வெளிர்நிற மாடல்களில் உள்ள 8580 ஒலிச் சிப்பில் அப்படித்தான் இருக்கும்; பழைய 6581 சிப்பின் ஒரு குறையைத்தான் அந்தக் குரல் உத்தி பயன்படுத்திக்கொண்டது. 1987-இன் பைரேட்ஸ் ஆட விரும்பினால் கையேட்டையும் சேர்த்துத் தேடுங்கள். வெள்ளிச் சரக்கு எப்போது எந்த ஊரில் இருக்கும் என்று தொடக்கத்திலேயே கேட்கும். விடை கையேட்டில்தான் இருக்கிறது; தவறாகச் சொன்னால் ஆட்டம் தொடரும், ஆனால் நிலைமை உங்களுக்கு எதிராகத் திரும்பியிருக்கும்.

ஜாய்ஸ்டிக் பெரும்பாலும் 2-ஆம் போர்ட்டில். 1-ஆம் போர்ட் விசைப்பலகையோடு கம்பிகளைப் பகிர்வதால், அதில் அசைத்தால் திரையில் எழுத்துகள் விழும். அது பழுது இல்லை. சேகா மெகா டிரைவ் கைப்பிடி அதே ஒன்பது முள் வடிவில் இருக்கிறதே என்று நேராகச் செருகாதீர்கள். மின் இணைப்பு வரிசை வேறு, ஜாய்ஸ்டிக்கையும் விசைப்பலகையையும் கவனிக்கும் 6526 சிப் கெடக்கூடும்.

கடைசியாக, இயந்திரத்தோடு அசல் ஃபிளாப்பிகளும் வந்திருந்தால். உறையின் நீள்வட்டத் திறப்பில் தட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். மங்கலான வெண்புள்ளிகள் தெரிந்தால் பூஞ்சை. அதை டிரைவில் போட்டால் தலை அழுக்காகி, அடுத்துப் போடும் நல்ல தட்டையும் கீறிவிடும். தனியே எடுத்து வையுங்கள், சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நன்றாக இருப்பவற்றில், பக்கவாட்டு வெட்டின் மேல் எழுத்துத் தடுப்பு ஒட்டு இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் ஒட்டிவிட்டு, விளையாடும் முன் ஒரு நகல் எடுங்கள். ஆட்டம் அந்த நகலில் நடக்கட்டும்.