பேராசை என்று சொல்லி வாயை அடைக்காதீர்கள்

போன வருடம் கீழக்கரைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் என் அலுவலகத்துக்கு வந்தார். கையில் பழைய பிஸ்கட் டப்பா. அதற்குள் ரசீதுகளும் ஒரு கோடு போட்ட நோட்டும். நோட்டின் முன்பாதி முழுக்க அவர் வீட்டில் செய்து விற்கும் கேக் கணக்கு. ‘அரை கிலோ, முட்டை இல்லாதது, வெள்ளி சாயங்காலம்’ என்று எழுதி, கீழே மைதா, வெண்ணெய், கேஸ், அட்டைப்பெட்டி வரை செலவைக் கழித்து, மிச்சத்தைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தார். பின்பாதியில் அந்த மிச்சமெல்லாம் போன இடம் இருந்தது. நகைக்கடனையும் சேர்த்து ஒரு முதலீட்டுத் திட்டத்தில் 2 லட்சம்.

“என் பேராசைதான் சார். வெளிய யாருக்கும் தெரிய வேண்டாம்” என்றார். உட்காருவதற்கு முன்பே சொன்னது இது.

நிதி மோசடி வழக்குகளில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். இது தவறான வாக்கியம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பேக்கிங் பவுடரைக் கிராம் கணக்கில் நிறுத்துப் போடுகிறவர் கண்ணை மூடிக்கொண்டு பணத்தை வீசவில்லை. அவரைச் சேர்த்துவிட்டது சொந்த ராத்தா, அதாவது அக்கா. அந்த ராத்தாவுக்கு ஐந்து மாதமாகத் தேதி தவறாமல் பணம் வந்திருந்தது. வட்டி வாங்காத குடும்பம் என்பதால், “இது வட்டி இல்லை, வியாபார லாபத்தில் பங்கு” என்று விளக்கியிருக்கிறார்கள். அலுவலகச் சுவரில் ஜிஎஸ்டி சான்றிதழ் சட்டம் போட்டு மாட்டியிருந்ததாம். விசாரித்துத்தான் போட்டிருக்கிறார். விசாரித்த இடம் எல்லாமே அதே வலைக்குள் இருந்தது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஜிஎஸ்டி எண் வரி கட்டுவதற்கு. கம்பெனிப் பதிவு, கம்பெனி நடத்துவதற்கு. இந்த இரண்டில் எதுவும் பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க அனுமதி ஆகாது.

“மாசாமாசம் பணம் வந்துச்சே, அப்ப நிஜம்தானே?” என்பது அடுத்த நம்பிக்கை. இந்தப் பெண்ணுக்கு லட்சத்துக்கு 8,000 வீதம் மாதம் 16,000 வந்தது. ஏழு மாதத்தில் 1,12,000. எட்டாவது மாதம் நின்றது. அவர் போட்ட 2 லட்சத்திலிருந்தே எடுத்துக் கொடுத்தாலும் பன்னிரண்டு மாதம் கொடுக்கலாம். வியாபாரம் எதுவுமே தேவையில்லை. 1920இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் சார்லஸ் போன்சி என்பவர் அஞ்சல் கூப்பன் வியாபாரம் என்று சொல்லி, 45 நாளில் 50 சதவீத லாபம் தருவதாக அறிவித்தார். முதலில் வந்தவர்களுக்குச் சரியாகவே கொடுத்தார். அது பின்னால் வந்தவர்களின் பணம். அந்த ஊர்ப் போலீஸ்காரர்களே பலர் அதில் போட்டிருந்தார்கள்.

ராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் என்ற ஊர்ப் பக்கத்துப் படகுத் தொழிலாளி ஒருவர் சொன்னதையும் சேர்த்துப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த இரண்டு மாதத்துக்கு மாதம் ஐயாயிரம் வந்தால் கந்துவட்டிக்காரன் வாசலுக்குப் போக வேண்டாம் என்றுதான் இதுபோன்ற ஒரு திட்டத்தில் சேர்ந்தாராம். இதற்குப் பெயர் பேராசையா? வருமானம் இல்லாத மாதத்தைத் தாண்டுகிற வழி தேடியிருக்கிறார், அவ்வளவுதான்.

பேராசைக் கதை பழைய கதை. ஹாலந்தில் எகிறியிருந்த துலிப் பூச்செடிக் கிழங்கு விலை 1637 பிப்ரவரியில் விழுந்தபோது, ‘ஆசைப்பட்டவன் அழிந்தான்’ என்று கிண்டல் துண்டுப்பிரசுரங்கள் குவிந்தன. நாடே திவாலானதாக இன்றுவரை பேசுகிறோம். ஆனால் பழைய ஆவணங்களைப் புரட்டிய வரலாற்று ஆய்வாளர்களுக்கு அப்படி ஊர் ஊராக நொடித்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. புத்திமதி நிலைத்தது, நடந்தது மறைந்துவிட்டது. 2012இல் கொங்குப் பக்கம் ஈமு கோழித் திட்டங்கள் கவிழ்ந்தபோதும் டீக்கடையில் இதே பேச்சுத்தான்.

இந்தப் பேச்சால் லாபம் மோசடிக்காரனுக்கு மட்டும். வெட்கப்பட்டு மூன்று மாதம் சும்மா இருந்தால், அந்த மூன்று மாதத்தில் அவன் சொத்தை மைத்துனன் பெயருக்கு மாற்றிவிடுவான். தமிழ்நாட்டில் முதலீட்டாளர் நலன் காக்க 1997ஆம் ஆண்டே சட்டம் இருக்கிறது. அதன்படி மோசடி செய்தவர்களின் சொத்தை அரசு முடக்கலாம். மதுரையில் இருக்கும் சிறப்பு நீதிமன்றம் வழியாக அதை விற்று, போட்டவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். சொத்து மிச்சம் இருந்தால்தானே பிரிக்க முடியும்? 2019இல் வந்த மத்தியச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே. ஒழுங்குமுறைக்கு உட்படாத டெபாசிட் திட்டத்தை நடத்துவதே குற்றம், அதற்கு ஆள் பிடிப்பதும் குற்றம். பணம் நிற்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சந்தேகம் வந்தால் ரிசர்வ் வங்கியின் ‘சசேத்’ இணையதளத்தில் அந்த நிறுவனத்தின் பெயரைத் தேடிப் பார்க்கலாம், அங்கேயே புகாரும் கொடுக்கலாம்.

ரசீது இல்லை என்று பலர் தயங்குகிறார்கள். ஜிபே பதிவு, வங்கிப் பாஸ்புத்தகம், ஏஜென்ட் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி எல்லாமே உதவும். போனை மாற்றும்போது அதை மட்டும் அழித்துவிடாதீர்கள். அப்புறம், “மீதிப் பணம் தர்றோம், அசல் ரசீதைக் கொடுங்க” என்று கேட்டால் கொடுக்கவே கூடாது.

அந்தப் பெண்ணிடம் இதையெல்லாம் சொல்ல ஒரு மணி நேரம் ஆனது. வளைகுடாவில் வேலை செய்யும் கணவருக்கு என் முன்னால்தான் போன் போட்டார். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “புகார் கொடு, நான் இருக்கேன்” என்றார். மறுநாளே பொருளாதாரக் குற்றப்பிரிவில் மனு போனது. அடுத்த வாரம் அதே தெருவிலிருந்து பதினோரு பெண்கள் வந்தார்கள். முதலில் வந்தவர் பக்கத்து வீட்டு மாமி. எட்டு மாதமாக இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் மறைத்திருந்திருக்கிறார்கள்.