வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குச் சபை எங்கே?

1992 மே மாதம், அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள மார்னிங் ஸ்டார் பாப்டிஸ்ட் சபையில், சுட்டுக் கொல்லப்பட்ட ஓர் இளைஞனுக்கு அடக்க ஆராதனை நடந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு கும்பல் உள்ளே புகுந்து, துக்கத்துக்கு வந்திருந்த ஒரு பையனை எல்லோர் கண்முன்னும் கத்தியால் குத்தியது. தெருச் சண்டை சபை வாசலோடு நின்றுவிடும் என்று நம்பியிருந்த போதகர்களின் நம்பிக்கை அன்றோடு போனது.

அந்த அதிர்ச்சியில் பிறந்ததுதான் டென்பாயின்ட் என்ற சபைகளின் கூட்டமைப்பு. யூஜின் ரிவர்ஸ், ரே ஹாமண்ட், ஜெஃப்ரி பிரவுன் என்ற மூன்று கறுப்பினப் போதகர்கள் முன்னணியில் நின்றார்கள். ஹாமண்ட் அவசர சிகிச்சை மருத்துவராகவும் இருந்தவர். கலவரப்பட்ட நகரத்தில் சபை என்ன செய்யலாம் என்று யோசிக்கும் எவரும் இவர்கள் செய்ததை மட்டுமல்ல, இவர்கள் தவறவிட்டதையும் படிக்க வேண்டும்.

முதலில் அவர்கள் செய்தது மிகச் சாதாரணமான காரியம். வெள்ளிக்கிழமை இரவு பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை, சண்டை நடக்கும் தெருக்களிலேயே நடந்தார்கள். பகலில் அந்தத் தெருக்களில் முதியவர்களும் கைக்குழந்தைக்காரிகளும்தான் இருப்பார்கள். துப்பாக்கி வைத்திருப்பவன் அப்போது தூங்கிக்கொண்டிருப்பான். ஆரம்பத்தில் பையன்கள் யாரும் பேசவில்லை, தூரத்திலிருந்தே கவனித்தார்கள். இவர்கள் அடுத்த வாரமும் வருவார்களா? பத்திரிகைக்காகவும் படத்துக்காகவும் வந்திருக்கிறார்களா? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்த பிறகுதான் வாயைத் திறந்தார்கள். அப்போதும் போதகர்கள் பிரசங்கம் செய்யவில்லை. "எங்களுக்குப் புரியாதது என்ன, சொல்லுங்கள்" என்ற தோரணையில் கேட்டார்கள். பிரசங்கத்துக்குப் பழகிய நாவுக்கு இது எளிதல்ல.

இளைஞர் கூட்டமே கெட்டுப்போய்விட்டது என்ற பேச்சு பாஸ்டனிலும் இருந்தது. 1990-இல் அந்த நகரில் 152 கொலைகள் நடந்தன. பயத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் பிறகு ஆய்வாளர்கள் கணக்கெடுத்தபோது, கும்பல்களில் இருந்தவர்கள் சுமார் 1,300 பேர்தான் என்று தெரிந்தது. நகரின் இளைஞர்களில் 1 சதவீதத்துக்கும் குறைவு. இளைஞர் கொலைகளில் குறைந்தது 60 சதவீதம் அந்தச் சிறு வட்டத்துக்குள் சுழன்றது. இந்தக் கணக்கு ஊழியத்தின் திசையையே மாற்றும். ஆயிரம் பேருக்கு வாலிபர் முகாம் நடத்தலாம், அது நல்லதே. ஆனால் கொலையைத் தடுக்க வேண்டுமானால் எந்தத் தெரு முனை, எந்த இரண்டு கூட்டம், யாருடைய தம்பி என்ற அளவுக்கு ஆளறிய வேண்டும். தொண்ணூற்றொன்பதை விட்டு ஒன்றைத் தேடிப்போகும் மேய்ப்பனுக்கு அந்த ஒன்று எது என்று தெரிந்திருந்தது.

காவல்துறையோடு உறவு எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் பல சபைகள் தடுமாறுகின்றன. பாஸ்டனில் அந்த உறவு மிக மோசமான இடத்தில் தொடங்கியது. 1989-இல் சார்ல்ஸ் ஸ்டூவர்ட் என்பவர் கர்ப்பிணி மனைவியைக் கொன்றுவிட்டு, கறுப்பின ஆள் ஒருவன் சுட்டான் என்று பழி போட்டார். போலீஸ் அதை நம்பி மிஷன் ஹில் பகுதியில் கறுப்பின இளைஞர்களைத் தெருவில் நிறுத்தி நிறுத்திச் சோதித்தது. உண்மை வெளியானபோது மிச்சமிருந்த நம்பிக்கையும் போய்விட்டது. ரிவர்ஸே காவல்துறையைக் கடுமையாகச் சாடியவர்தான்.

இரு தரப்பும் நெருங்கியது மெல்ல மெல்லத்தான். எழுதப்படாத ஓர் உடன்பாடு உருவானது. சில பையன்களைச் சிறைக்கு அனுப்பித்தான் ஆக வேண்டும், அது அவர்கள் உயிரையும் காக்கும் என்பதைப் போதகர்கள் ஏற்றார்கள். யாருக்கு இன்னொரு வாய்ப்புத் தரலாம் என்பதில் போதகர் சொல்லைப் போலீஸ் கேட்கத் தொடங்கியது. அதே சமயம், போலீஸ் அத்துமீறினால் போதகர்கள் வெளிப்படையாகப் பேசுவார்கள். 1994-இல் போலீஸார் தவறான வீட்டுக்குள் புகுந்ததில், ஓய்வுபெற்ற மெதடிஸ்ட் போதகர், 75 வயது அக்கலைன் வில்லியம்ஸ் மாரடைப்பால் இறந்தார். ஆணையர் பால் எவன்ஸ் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அப்படிப் பொறுப்பேற்கும் காவல்துறையோடுதான் சபை கைகோக்க முடியும். ஒரு பக்கமே சாய்ந்த போதகரைப் பையன்கள் ஒற்றன் என்பார்கள். மறுபக்கமே சாய்ந்தவரை அதிகாரிகள் கூப்பிடவே மாட்டார்கள்.

1996-இல் ஆபரேஷன் சீஸ்ஃபயர் (சண்டை நிறுத்தம்) என்ற திட்டம் நடைமுறைக்கு வந்தது. நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்த கும்பல் பையன்களைக் கூப்பிட்டு, போலீஸ், அரசு வழக்கறிஞர், சமூகப் பணியாளர், போதகர் எல்லோரும் எதிரே உட்கார்ந்து ஒரே செய்தியைச் சொன்னார்கள்: சுடுவதை நிறுத்துங்கள், நிறுத்தாவிட்டால் கூட்டம் முழுவதன் மேலும் சட்டம் பாயும், நிறுத்த விரும்புகிறவனுக்கு உதவி இதோ இருக்கிறது. வெறும் மிரட்டல் அல்ல என்பதற்கு ஒரு தண்டனையையும் காட்டினார்கள்: நீண்ட குற்றப் பின்னணி உள்ள ஒருவன் ஒரே ஒரு தோட்டா வைத்திருந்ததற்கு 19 ஆண்டு 7 மாதம். 1999-இல் நகரின் கொலை எண்ணிக்கை 31. இதை முழுக்கப் போதகர் கணக்கில் எழுத முடியாது. அந்தப் பத்தாண்டில் அமெரிக்கா முழுவதுமே குற்றம் குறைந்தது. ஆனாலும் சீஸ்ஃபயரை மதிப்பிட்ட ஆய்வு, இளைஞர் கொலைகள் 63 சதவீதம் குறைந்ததை அந்தத் திட்டத்தோடு தொடர்புபடுத்தியது.

பிறகு சரிவு வந்தது. புகழ் வந்ததும் போதகர்களுக்கு வேறு நகரங்களிலிருந்து அழைப்புகள் வந்தன. இரவு நடை மெலிந்தது. சீஸ்ஃபயர் பழைய வடிவில் நின்றுபோனது. 2005-இல் கொலைகள் மீண்டும் 70-ஐத் தாண்டின. பழைய பையன்கள் வளர்ந்துவிட்டார்கள். அவர்களின் தம்பிமாருக்கு அந்தப் போதகர்களைத் தெரியாது. ஒரு தலைமுறையிடம் சம்பாதித்த நம்பிக்கை அடுத்த தலைமுறைக்குத் தானாகப் போய்ச் சேராது.

இரவு நடையை எப்படி ஒழுங்குபடுத்துவது என்பதற்கு லண்டனில் நல்ல முன்மாதிரி உண்டு. 2003-இல் பிரிக்ஸ்டனில் லெஸ் ஐசக் என்ற போதகர் தொடங்கிய ஸ்ட்ரீட் பாஸ்டர்ஸ் (தெருப் போதகர்கள்) குழுக்கள் பல சபைகளின் ஆட்களைக் கலந்து, பயிற்சி கொடுத்து, பெயர் தெரியும் சீருடையில் அனுப்புகின்றன. வார இறுதியில் இரவு பத்திலிருந்து விடியற்காலை நான்கு மணி வரை நடக்கிறார்கள். பையில் தண்ணீர் பாட்டில், முதலுதவிப் பொருள், உடல் சூடு காக்கும் படலம், குச்சி மிட்டாய், ரப்பர் செருப்பு. குதிகால் உயர்ந்த செருப்பைக் கழற்றிவிட்டு உடைந்த கண்ணாடி மேல் வெறுங்காலோடு நடக்கும் பெண்ணுக்கு அந்தச் செருப்புதான் அந்த நேரத்துச் சுவிசேஷம். ஆயுதமாகிவிடக்கூடிய காலி பாட்டில்களைப் பொறுக்கி அப்புறப்படுத்துவதும் இவர்கள் வேலை. இன்னொரு குழு ஓரிடத்தில் இருந்து ஜெபிக்கிறது. தெருவில் இருப்பவர்களோடு போனில் தொடர்பிலும் இருக்கிறது.

தொடங்க நினைக்கும் சபை சிலவற்றை முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். நான்கு பேருக்குக் குறைந்து போகாதீர்கள்; ஆணும் பெண்ணும் கலந்திருக்கட்டும். மாதம் முழுவதுக்கும் முறை போடுங்கள். மழை என்றாலும் பண்டிகை என்றாலும் அந்த நாள் தவறக் கூடாது. கைப்பிரதியைத் திணிக்காதீர்கள். போட்டோ எடுக்காதீர்கள்; ஒரே ஒரு படம் ஆறு மாத நம்பிக்கையைக் கெடுத்துவிடும். வேலை வாங்கித் தருகிறேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள், பணம் கடன் கொடுக்காதீர்கள். 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையோடு எந்தப் பெரியவரும் தனியாக இருக்கக் கூடாது. எதை ரகசியமாக வைப்பீர்கள், எதை வைக்க மாட்டீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்: ஒருவர் உயிருக்கு ஆபத்து, ஒரு பிள்ளைக்குத் துன்பம் என்றால் வாய் மூடி இருக்க மாட்டோம் என்று.

சண்டை நடந்த பிறகான முதல் சில மணி நேரம்தான் மிக ஆபத்தானது. காயம்பட்டவனைச் சேர்த்த ஆஸ்பத்திரியின் வராந்தாவில்தான் பழிவாங்கும் பேச்சு தொடங்கும். ஒரு போதகர் குடும்பத்தாரோடு உள்ளே இருக்கட்டும்; மற்ற இருவர் வெளியே நண்பர்களோடு நிற்கட்டும். "அவன் அம்மா இப்போது கேட்பது இன்னொரு பிணத்தையா?" என்ற கேள்வியை, அவர்களுக்குப் பழகிய முகம் ஒன்று கேட்டால்தான் காதில் விழும். புதியவர் கேட்டால் சண்டை அவர் மேலேயே திரும்பும்.

சாவு நேர்ந்துவிட்டால், அடக்க ஆராதனைக்கு முந்தின நாளே குடும்பத்தையும் காவல்துறையையும் தனித்தனியே சந்தியுங்கள். ஊர்வலம் போகும் வழியைக் குடும்பம் சொல்லட்டும். எதிர்க்கூட்டத்தின் தெருவைத் தவிர்க்கச் சொல்லுங்கள். போலீஸ் சீருடையோடு உள்ளே நிற்காமல் தெரு முனையில் நிற்கட்டும். இறந்தவனின் நண்பர்களைப் பின்வரிசையில் தள்ளாமல் முன்பக்கம், பழகிய பெரியவர்களுக்கு நடுவே உட்கார வையுங்கள். பேச வருகிறவர்கள் பட்டியலை முந்தின இரவே முடித்துவிடுங்கள். பட்டியலில் இல்லாத யார் கைக்கும் மைக் போகக் கூடாது. பக்கக் கதவைத் திறந்து வைத்து, அங்கே இரண்டு பேரை நிறுத்துங்கள்.