ஸ்கேனர்னா வருடியா, துருவியா?

ஆஸ்பத்திரில ஸ்கேன், ஆபீஸ்ல ஸ்கேன், டீக்கடைல காசு குடுக்க ஸ்கேன்னு நாள் பூரா சொல்ற வார்த்தைதான், ஆனா 1981ல டேவிட் க்ரோனன்பெர்க் கனடாவுல எடுத்த ஸ்கேனர்ஸ் படத்துல இது மெஷின் பேரு கிடையாது, ஆளுங்க பேரு. தொடாமலே அடுத்தவன் மண்டைக்குள்ள பூந்து ஆட்டி வைக்கிறவங்க. கர்ப்பமா இருந்தப்ப அம்மாவுக்கு குடுத்த எஃபெமரால்ங்கிற மருந்தால வந்த வினை.

வார்த்தைக்கு மூலம் லத்தீன் ஸ்காந்தெரே, ஏறுறதுன்னு அர்த்தம். செய்யுளோட தாளத்துக்கு காலைத் தூக்கி வச்சு கணக்கு பாக்கறதுல ஆரம்பிச்சு, பாட்டை சீர் சீரா பிரிச்சு அளக்கறதுக்கு இங்கிலீஷ்ல ஸ்கேன்னு சொன்னாங்க, அப்புறம் எதையும் நுணுக்கமா பாக்கறதுக்கு ஆச்சு, டிவி வந்தப்ப படத்தை வரி வரியா பிரிக்கிற வேலைக்கும் இதே பேரு. இதுல எனக்கு ஆச்சரியம் என்னன்னா அந்த முதல் அர்த்தத்துக்கு நம்மகிட்ட அச்சு அசலா ஒரு சொல் இருக்கு, அலகிடுதல். பள்ளிக்கூடத்துல "அகர", நிரை நேர், புளிமான்னு வாத்தியார் முன்னாடி திணறினோமே, அதேதான்.

இப்ப மெஷினுக்கு வருடின்னு எழுதறாங்க. காகிதத்து மேல வெளிச்சம் மெதுவா போறதுக்கு நல்ல பேருதான், ஆனா வருடறதுன்னா தடவிக் குடுக்கறது. படத்துல நடக்கறது தடவலா? ஒரு கூட்டத்துல மேடைல இருக்கற ஸ்கேனர், மூக்குல ரத்தம் வரலாம், காது வலிக்கலாம்னு முன்னாடியே சொல்லிட்டு யாராவது வாங்கன்னு கூப்பிடறான், வந்து உக்கார்றது மைக்கேல் அயர்ன்சைடு நடிச்ச வில்லன் ரெவாக், அவனும் ஒரு ஸ்கேனர்தான். கொஞ்ச நேரத்துல கூப்பிட்டவன் மூஞ்சி கோணுது, உடம்பு நடுங்குது, தலை தேங்கா மாதிரி சிதறுது! (ஜெலட்டின்ல செஞ்ச தலைக்குள்ள மீந்துபோன பர்கரெல்லாம் அடைச்சு பின்னாடி இருந்து ஷாட்கன்னால சுட்டாங்க, கிராபிக்ஸ் எல்லாம் இல்ல.) இதுக்குப் போய் வருடின்னா எப்படி?

என் ஓட்டு துருவிக்குதான். துருவித் துருவிக் கேட்டான்னு சொல்றோம்ல, உள்ள இருக்கறத விடாம தோண்டி எடுக்கறது, சமையக்கட்டுல தேங்கா துருவியும் அதையேதான் பண்ணுது.

டெலிபதிய இதோட குழப்பிக்க வேணாம். அது 1882ல ஃப்ரெடெரிக் மையர்ஸ் கிரேக்கத்துல இருந்து கோத்த வார்த்தை, டெலின்னா தூரம், பதின்னா உணர்வு, அதனால தொலையுணர்வுங்கறது கச்சிதம். ஆனா படத்துல வர்ற டாக்டர் ரூத், இது மனசைப் படிக்கறது இல்ல, தள்ளி இருக்கற ரெண்டு நரம்பு மண்டலத்தை நேரா இணைக்கறதுன்னு சொல்வாரு. அதனாலதான் ஹீரோ வேல் ரோட்டோர போன் பூத்துல நின்னு ரிசீவரைக் காதுல வச்சுக்கிட்டு, கம்ப்யூட்டருக்கும் நரம்பு இருக்குன்னு ஒயர் வழியாவே போய் கம்பெனி ரகசியத்த துருவி எடுப்பான்.